அட்டைமேல் குதிக்கும் விளையாட்டு

1

ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருஷம் முடிந்த அன்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் வேலை பார்க்கும் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை அனுப்பியிருந்தார். என் மனைவி செலின் அன்றைக்கென்று ரவா கேசரி கிண்டியிருந்தாள். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்ததற்கு எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட விருந்து. பள்ளிக்கூடமும் நம்மை ஞாபகம் வைத்திருக்கிறதே என்ற மிதப்பில் கேசரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன்.

இங்கே வருகிற கடிதங்களை நான் மூன்று முறை படிப்பது வழக்கம். முதல் முறை பயத்தில் ஒன்றும் மண்டையில் ஏறாது. இரண்டாவது முறை தேதியும் கையெழுத்தும் புரியும். மூன்றாவது முறைதான் விஷயம் தெரியும். அன்றைக்கு மூன்றாவது முறை படித்த பிறகும் விளங்கவில்லை. என் ஆங்கில வகுப்பில் குழந்தைகளுக்கு ஒரு மதச் சடங்கு கற்றுத்தரப்படுகிறதா என்று ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார், வியாழக்கிழமை இதைப் பற்றிப் பேசுவோம், இணைத்திருக்கும் படிவத்தை நிரப்பிக் கொண்டுவரவும் என்று இருந்தது.

ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஆப்பிள், நாய், சூரியன், வீடு. இதில் எங்கேயிருந்து மதம் வந்தது?

கடிதத்தோடு அந்தத் தாய் எழுதியதன் நகலும் இருந்தது. அவருடைய மகள் வீட்டில் தரையில் கிடந்த ஒரு கடை விளம்பரத் தாளை மிதித்துவிட்டாளாம். உடனே குனிந்து அதைத் தொட்டு, விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாளாம். இது என்ன என்று கேட்டதற்கு, எங்கள் ஆங்கில வாத்தியார் இப்படித்தான் செய்வார் என்றாளாம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அது முடியும்போது பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டும் என்றுகூடக் கிடையாது. மூன்று வருஷம் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு மறுபடி வாத்தியார் ஆனவன் நான். இது கைவிட்டுப் போனால் திரும்பக் கிடங்குதான்.

2

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டுகள் இருக்கிற பக்கம்தான் எங்கள் வீடு. அப்பா சவரிமுத்து அங்கே சூளையில் வேலை பார்த்தார். அக்கா ஸ்டெல்லா இப்போதும் ஒரு யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் வரைகிறாள். நான் பி.எட். முடித்து உள்ளூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் ஆங்கிலம் எடுத்தேன். செலின் நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நானும் எங்கள் மகள் ரியாவும் பின்னாலேயே வந்தோம். பெண்டாட்டி வேலைக்கு வெளிநாடு போக, புருஷன் கூடப் போகிறான் என்று எங்கள் ஊரை அடுத்த மங்கலம்பேட்டைப் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ஆண்கள் வளைகுடாவுக்குப் போவார்கள், பெண்கள் போனில் பேசுவார்கள். நான் தலைகீழ்.

என் பெயர் அந்தோணிராஜ். ஆனால் இந்த நாட்டில் அப்படி ஒருவன் இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் ஏறிவிட்டதால் நான் எல்லோருக்கும் திருவாளர் சவரிமுத்து. பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். செலினாவது அந்தோணி என்று கூப்பிடுவாளா என்றால் அவளுக்கு நான் 'என்னாங்க'. வகுப்பறையில் முப்பது தடவை அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

என் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதினோரு மாதம் கழித்து, உங்கள் படிப்பு எங்கள் படிப்புக்கு ஒரு பகுதி சமம் என்று பதில் வந்தது. எந்தப் பகுதி என்று எழுதவில்லை. அந்த ஒரு பகுதியை வைத்துத்தான் மதியத்துக்கு மேல் நடக்கிற ஆங்கிலக் குழுவுக்கு என்னை எடுத்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். எல்லாம் இரண்டாம் வகுப்பு.

3

எனக்கு வழிகாட்ட பிரிகிட்டே என்ற மூத்த ஆசிரியையை வைத்தார்கள். அறுபது வயசிருக்கும். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். என் நாக்கு ஒத்துழைக்கவில்லை. பிரிகிட்டே மேடம் என்றேன். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் நாள் நான் பாடப்புத்தகம் எங்கே என்று கேட்டேன். அவர் ஒரு கூடையை நீட்டினார். அதில் தவளைப் பொம்மை ஒன்று இருந்தது, கையை உள்ளே விட்டால் வாய் அசையும். நான்கு பந்து, ஒரு துணிப்பை, படமும் வார்த்தையும் போட்ட பெரிய அட்டைகள், இரண்டு ஈ அடிக்கும் மட்டை. இதுதான் பாடம் என்றார். ஈ எங்கே இருக்கிறது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

அந்த மட்டை விளையாட்டை இப்போது நானே நடத்துகிறேன். பலகையில் வார்த்தைகளை எழுதிவிட்டு இரண்டு பிள்ளைகளிடம் மட்டையைக் கொடுக்க வேண்டும். நான் ஒரு வார்த்தையைச் சொன்னதும் யார் முதலில் அதன்மேல் அடிக்கிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. எங்கள் ஊரில் வார்த்தை தெரியாத பிள்ளை அடி வாங்கும். இங்கே வார்த்தையே அடி வாங்குகிறது. தப்பாகச் சொன்னால் திருத்தாதே, சரியாக நீ ஒருமுறை சொல், அவர்களே பிடித்துக்கொள்வார்கள் என்று பிரிகிட்டே சொன்னார். எட்டு வருஷம் திருத்துவதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். வாயை மூடிக்கொண்டு நிற்பது பெட்டி தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் அவர் துணிப்பையை எடுத்தார். உள்ளே பொம்மைகள். பிள்ளைகள் பார்க்காமல் கைவிட்டுத் தடவி, இது வாத்து, இது யானை என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இதை முன்பு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அது பொய். விருத்தாசலத்தில் நான் இதைச் செய்திருக்கிறேன். அக்கா யூனிட்டில் கழித்துப்போட்ட பொம்மைகளை அரிசிப்பையில் போட்டுக் கொண்டுபோனேன். மூக்கு உடைந்த வாத்து, விரிசல் விட்ட யானை, ஒற்றைக் கண் மட்டும் வரைந்த பூனை. நாலாம் வகுப்பே கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. சத்தம் கேட்டுத் தாளாளர் வந்துவிட்டார்.

"என்னா சார், கிளாஸ்ல கொலு வெச்சிருக்கீங்களா?" என்றார். "பெத்தவங்க யாராவது வந்து பாத்தா என்னா நெனைப்பாங்க? எழுதச் சொல்லுங்க சார். எழுதினாத்தான் படிக்கிறாப்ல இருக்கும்."

நான் பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே விளையாட வைத்ததற்காகத் திட்டு. அப்படிப்பட்டவன் இங்கே என்ன செய்து மாட்டிக்கொண்டேன் பாருங்கள்.

4

நாலாவது மாதம், என்னைத் தனியாக வகுப்பெடுக்கச் சொல்லிவிட்டு பிரிகிட்டே பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைய விளையாட்டு அட்டைமேல் குதிப்பது. பன்னிரண்டு அட்டைகளைத் தரையில் பரப்பி ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் படம், கீழே உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து. நான் சூரியன் என்று ஆங்கிலத்தில் சொன்னதும் பிள்ளைகள் சூரியன் அட்டைமேல் குதிக்க வேண்டும். முதலில் வாத்தியார் செய்து காட்ட வேண்டும். வாத்தியார் செய்வதை அப்படியே செய்வதுதான் பிள்ளைகளுக்கு விதி.

அட்டைகளை ஒட்டும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முட்டி போட்டுக்கொண்டு அழகாக ஒட்டினேன். எழுந்து நின்ற பிறகுதான் கால் கூசியது. எழுத்தின் மேல் எப்படிக் காலை வைப்பது? செருப்பைக் கழற்றினேன். பிள்ளைகளும் கழற்றினார்கள். சூரியன் என்று நானே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிக் குதித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. கை அதுபாட்டுக்குப் போனது. குனிந்து அட்டையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். நம் ஊரில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. புத்தகமோ காகிதமோ காலில் பட்டால் கை தானாகச் செய்கிற வேலை. தும்மல் மாதிரி.

பதினெட்டுப் பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள். குதித்தார்கள், குனிந்தார்கள், தொட்டார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் மூக்கில் ஒற்றிக்கொண்டார்கள். அதுவரை அந்தக் கூட்டம் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நிறுத்தலாமா என்று பிரிகிட்டேவைப் பார்த்தேன். அவர் முகம் மலர எழுதிக்கொண்டிருந்தார்.

"துள்ளலுக்கும் அமைதிக்கும் நடுவில் இப்படி ஓர் இடைவெளி வைத்தது ரொம்ப நல்ல யோசனை. நீங்களே கண்டுபிடித்ததா?" என்று கேட்டார்.

சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து அது விளையாட்டின் விதியாகிவிட்டது. எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் மகள் செய்யாததை இந்த ஊர்ப் பிள்ளைகள் செய்கிறார்களே என்று நினைத்தேன்.

ரியா அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. நடைபாதையில் என்னைப் பார்த்தால் தெரியாதவள் போலப் போவாள். வந்த புதிதில், வீட்டில் தமிழ்ப் புத்தகத்தை மிதித்துக்கொண்டு போனாள் என்று அவளை ஒருநாள் நன்றாகத் திட்டியிருக்கிறேன். தொட்டுக் கும்பிடும் வரை நகரக் கூடாது என்று நிற்க வைத்தேன். அழுதுகொண்டே தொட்டாள். இப்போதெல்லாம் பை, புத்தகம் எதன்மேல் கால் பட்டாலும் கண்டுகொள்ளாமல் போகிறாள் என்றுதான் என் எண்ணம். ஐந்து வருஷத்தில் கையைவிட்டுப் போன பல விஷயங்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

5

படிவத்தில் மூன்று கேள்விகள். செயலை விவரிக்கவும். செயலின் நோக்கம் என்ன. செயல் சமயம் சார்ந்ததா, ஆம் அல்லது இல்லை, கட்டத்தில் குறியிடவும்.

முதல் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதினேன். இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது. எதற்காக அப்படிச் செய்கிறோம்? எங்கள் வீட்டில் சரஸ்வதி படம் கிடையாது. மாதா படமும் அந்தோணியார் படமும்தான். கோயிலில் எந்தச் சாமியாரும் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனாலும் அப்பா செய்வார். சூளையில் இருந்து வந்து தினத்தாளை விரித்து உட்காரும்போது தெரியாமல் கால் பட்டால் அவரும் தொட்டுக்கொள்வார்.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்குன்னா? கால் பட்டுச்சுன்னா தொட்டுக்கிறோம். இதுல எதுக்குன்னு என்னாடா கேள்வி?" என்றாள்.

"அதான்க்கா கேக்குறாங்க. எழுதிக் குடுக்கணும்."

"இருடா தம்பி, இங்க கேக்குறேன்" என்று போனைச் சத்தமாக வைத்தாள். பக்கத்தில் இருந்து வேலை செய்கிற பரிமளா கம்மாபுரத்துக்காரி. "இது தெரியாதா? அது சரஸ்வதிங்க. படிப்பு வராம போயிடும்" என்றாள். மங்கலம்பேட்டையில் இருந்து வரும் ஜரினா, "சரஸ்வதியும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க வூட்லயும் எழுத்து இருக்கிற தாளு கீழ கெடந்தா எடுத்து மேல வெச்சிருவோம். மிதிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பொம்மை அட்டைப் பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கிறதே, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அது சேருமா சேராதா என்று கிளை பிரிந்து போனது.

அக்கா மறுபடி போனை எடுத்தாள். "டேய், சாமி சம்பந்தம்னு எழுதினா அவங்க கோச்சுக்குவாங்க. சாமி சம்பந்தம் இல்லன்னு எழுதினா சாமி கோச்சுக்கும். அவங்க பக்கத்துல இருக்காங்க, அவங்களுக்கு எது வேணுமோ அத எழுதிக் குடு. வேலைய வுட்டுடாத."

வீட்டில் செலினிடம் கேட்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பைபிள் மேல கால் பட்டாலும் தொட்டுக்கிறீங்க, கரண்டு பில்லு மேல பட்டாலும் தொட்டுக்கிறீங்க. இது எப்பிடிங்க சாமியாவும்? இல்லைன்னு போட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். போட்டதும் யாரையோ காட்டிக்கொடுத்தது போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

6

வியாழக்கிழமை தலைமையாசிரியை அறையில் நான்கு பேர். தலைமையாசிரியை, பிரிகிட்டே, அந்தத் தாய், நான். காபி கொடுத்தார்கள். அந்த அம்மாள் சண்டைக்காரர் இல்லை. நான் எதிர்பார்த்து வந்த முகம் அவருக்கு இல்லாததே எனக்குத் தடுமாற்றமாகப் போய்விட்டது.

"எனக்குக் கோபமில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என் மகள் இப்போது விளம்பரத் தாள்களைக் குப்பையில் போடவே விடுவதில்லை. காகிதத்துக்கு வலிக்கும் என்கிறாள். நீங்கள் காகிதத்தைக் குப்பையில் போடுவீர்களா?" என்று கேட்டார்.

"போடுவேன்."

"ஆனால் மிதிக்க மாட்டீர்கள்?"

"மாட்டேன்."

"ஏன்?"

நான் மூன்று நாளாகத் தயார் செய்த வாக்கியம் ஒன்று இருந்தது. எழுத்துக்கு மரியாதை செய்வது எங்கள் பழக்கம் என்பது அது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது பார்சல் கிடங்கு ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் காலி அட்டைப்பெட்டிகளை மிதித்து மட்டமாக்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் எழுத்து இருந்தது. முதல் வாரம் யாருக்கும் தெரியாமல் தொட்டுக்கொண்டேன். இரண்டாவது வாரத்தில் மேற்பார்வையாளர் வேகம் போதாது என்றார். மூன்றாவது வாரம் நான் தொட்டேனா? ஞாபகமே இல்லை. அப்படியானால் நான் எதற்கு மரியாதை செய்கிறேன்? வேகமாக வேலை செய்யச் சொன்னால் மறந்துபோகிற மரியாதை என்ன மரியாதை?

"தெரியவில்லை" என்று சொன்னேன். உண்மையில் அந்த அறையில் நான் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

பிரிகிட்டே எனக்காகப் பேசினார். வகுப்பு அமைதியாகிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்றார். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். பள்ளியில் இந்தச் செயலை நான் செய்யவும் மாட்டேன், பிள்ளைகளைச் செய்ய வைக்கவும் மாட்டேன் என்று இருந்தது. "வீட்டில் நீங்கள் தாராளமாகச் செய்யலாம். அது உங்கள் உரிமை" என்றார். அடுத்த வகுப்பைத் தானே வந்து பார்ப்பதாகவும், அதை வைத்துத்தான் என் வேலையை முடிவு செய்யப்போவதாகவும் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாள் எழுந்து என் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சேர்வது சுலபமாக இருந்திருக்கும்.

7

அடுத்த வகுப்பில் அதே பன்னிரண்டு அட்டைகளை ஒட்டினேன். பின்னால் இரண்டு நாற்காலிகள். இன்றைக்குப் புது விதி என்றேன். குதிக்கலாம், குனிய வேண்டாம், தொட வேண்டாம், அடுத்த அட்டைக்குப் போய்விடலாம்.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்படியென்றால் வார்த்தை கோபித்துக்கொள்ளாதா?"

"கோபித்துக்கொள்ளாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வா, விளையாடலாம் என்று சொல்லிவிட்டேன். செய்து காட்ட வேண்டியது நான்தான். சூரியன் என்று சொல்லி, குதித்தேன். கை கீழே போகப் பார்த்தது. கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். அப்பா பெயரை வைத்துக்கொண்டு சூரியன்மேல் நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கால் எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை.

முதல் சுற்றில் நான்கைந்து பிள்ளைகள் பழக்கதோஷத்தில் குனிந்தார்கள். இரண்டாவது சுற்றில் ஒன்றிரண்டு பேர். மூன்றாவது சுற்றில் ஒருவரும் இல்லை. அவ்வளவுதான். இரண்டு மாதமாகச் செய்ததை ஐந்து நிமிஷத்தில் மறந்துவிட்டார்கள். குனிந்து நிமிர்கிற நேரம் மிச்சமானதால் ஆட்டம் வேகம் பிடித்தது. வழக்கமாக ஆறு வார்த்தையோடு நிற்கிற வகுப்பு அன்று பன்னிரண்டையும் முடித்தது. ஆங்கிலத்தில் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நாய்மேல் விழுந்தார்கள். நல்ல வகுப்பு. ஒரு வாத்தியாராக இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தலைமையாசிரியை போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வேலை உறுதியான கடிதம் வந்தது. அக்காவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "மாதா காப்பாத்திட்டாங்க" என்று பதில் போட்டாள். மாதா எந்தப் பக்கம் நின்று காப்பாற்றினார் என்று நான் கேட்கவில்லை.

8

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். ரியா எதிரில் வந்து நின்றாள். அவளாகத் தமிழில் பேச்சு எடுப்பது அபூர்வம்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? என் கிளாஸ் லேனாவோட தங்கச்சி சொன்னா. உங்க கிளாஸ்ல இனிமே தொட வேணாமாம். நீதான் சொன்னியாம்."

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

"அப்ப மிதிச்சா தப்பு இல்லையா?"

"ஸ்கூல்ல வேணாம்னு சொல்லியிருக்காங்கம்மா."

மேசையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே, "அப்ப நானும் நிறுத்திடலாமா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "எதை?"

"தொடுறத. நான் எப்பவும் தொடுவேன்ப்பா. ஸ்கூல்ல யார் பை மேல கால் பட்டாலும், நோட்டு மேல பட்டாலும். பசங்க சிரிப்பாங்கல்ல? அதனால கண்ணு அரிக்கிற மாதிரி பண்ணுவேன். யாருக்கும் தெரியாது."

அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளை எந்நேரமும் கண்ணைக் கசக்குகிறாள், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். காட்டினோம். விளக்கடித்துப் பார்த்தார்கள், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வாமையாக இருக்கலாம் என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ரியா ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ திட்டுவே. தொடாம நகரக் கூடாதுன்னு சொன்னேல்ல? இப்ப நிறுத்தலாமா?"

"ஸ்கூல்ல வேணாம்மா" என்றேன்.

"வூட்ல?"

"உன் இஷ்டம்."

இந்த வார்த்தையை நான் அவளிடம் அதற்கு முன்பு சொன்னதாக ஞாபகம் இல்லை. அவளுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப வேணாம். தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஜெர்மனில் ஏதோ பாடிக்கொண்டே தன் அறைக்கு ஓடினாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் விட்டுவிட்டாள் என்பதற்காகவா, இத்தனை நாள் விடாமல் வைத்திருந்தாள் என்பதற்காகவா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் இரண்டு மாதம் அவள் கண்ணில் விட்டவன் நான்தான்.